மாறா வேகத்தில் வட்டப்பாதை: வேகம், திசைவேகம், கதி குழப்பம்

செங்குத்துக்கோடு:
வணக்கம். ஒரே கேள்விக்கு இரண்டு விடை வருகிறது. "ஒரு பொருள் மாறாத வேகத்தில் வட்டப்பாதையில் செல்கிறது. அதற்கு முடுக்கம் உண்டா?" தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தவர்கள் "உண்டு, திசை மாறுகிறதே" என்கிறார்கள். இலங்கைப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் "கேள்வியே பிழை, மாறாத வேகத்தில் வட்டத்தில் போகவே முடியாது" என்கிறார்கள். எது சரி?

இன்னொன்று. "வேகத்துக்கு அளவு மட்டும், திசைவேகத்துக்கு அளவும் திசையும்" என்ற வரி மனப்பாடம். ஆனால் இந்த வேறுபாடு எந்தக் கணக்கில் விடையையே மாற்றும் என்பது பிடிபடவில்லை. எண்களோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

தராசுமுள்:
இரண்டு தரப்பும் சரிதான். இயற்பியலில் சண்டை இல்லை, சொல்லில்தான் சண்டை.

தமிழ்நாட்டில் வேகம் என்றால் அளவு மட்டும் உள்ளது: கடந்த தொலைவை நேரத்தால் வகுத்தது. திசைவேகம் என்றால் இடப்பெயர்ச்சியை (கிளம்பிய இடத்திலிருந்து வந்த இடத்துக்கு நேர்க்கோட்டுத் தொலைவு, திசையோடு) நேரத்தால் வகுத்தது. "மாறாத வேகத்தில் வட்டப்பாதை" என்றால் ஒவ்வொரு வினாடியும் ஒரே நீளம் கடக்கிறது, திசை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. திசை மாறினால் திசைவேகம் மாறுகிறது. திசைவேகம் மாறும் வீதம்தான் முடுக்கம். ஆகவே முடுக்கம் உண்டு, அது மையத்தை நோக்கி.

ஓட்டத் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் திடலில் இரண்டு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். முதல் தடத்தில் ஓடுபவரின் வளைவு ஆரம் 36.8 மீட்டர் (உள்விளிம்பின் ஆரம் 36.5, அதிலிருந்து 30 செ.மீ. தள்ளித்தான் தொலைவை அளக்கிறார்கள்). ஒருவர் சீராக வினாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறார் என்று வைப்போம்.

முழுச் சுற்று: 50 வினாடி. சராசரி வேகம் 8 மீ/வி. கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டதால் சராசரித் திசைவேகம் 0.

அரைச் சுற்று: 25 வினாடியில் 200 மீட்டர். ஆனால் முடிவுக்கோட்டில் கிளம்பியவர் இப்போது நிற்பது திடலின் நேர் எதிர் மூலையில். நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 112 மீட்டர். சராசரி வேகம் அதே 8 மீ/வி, சராசரித் திசைவேகத்தின் அளவு 112 ÷ 25 = 4.48 மீ/வி.

நேர்ப்பகுதியில் ஓடும்போது முடுக்கம் 0. வளைவில் வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும்: 8 × 8 ÷ 36.8 = 1.74 மீ/வி². அதே ஆள், அதே 8 மீ/வி. வளைவில் உடலை உள்பக்கம் சாய்த்து ஓடுவது இந்த 1.74-க்காகத்தான்.

பருத்தித்துறையான்:
இலங்கைப் பக்கத்தை நான் விளங்கப்படுத்துகிறேன்.

எங்கள் பாடநூல்களில் தூரத்தை நேரத்தால் பிரித்தால் கதி. இடப்பெயர்ச்சியை நேரத்தால் பிரித்தால் வேகம். வேகம் ஒரு காவிக் கணியம் (அளவும் திசையும் உள்ளது), கதி எண்ணிக் கணியம் (அளவு மட்டும் உள்ளது). வேக மாற்ற வீதம் ஆர்முடுகல், குறைந்து வந்தால் அமர்முடுகல். ஆகவே தராசுமுள் ஐயா சொன்ன திடலில் ஓடுபவர் எங்கள் கணக்கில் "சீரான கதியில்" ஓடுகிறார். "சீரான வேகத்தில்" என்று எழுதினால் பிழை. சீரான வேகம் என்றால் திசையும் மாறக்கூடாது, நேர்க்கோட்டில்தான் போகலாம்.

இதைவிட ஆபத்தான சோடி ஒன்றும் இருக்கிறது. இலங்கையில் திணிவு என்பது கிலோகிராமில் அளப்பது, நிறை என்பது நியூட்டனில் அளக்கும் விசை. தமிழ்நாட்டில் கிலோகிராமில் அளப்பதற்குப் பெயர் நிறை, நியூட்டனில் அளப்பதற்குப் பெயர் எடை. "நிறை" என்ற ஒரே சொல் பாக்குநீரிணையைத் தாண்டியதும் வேறொரு கணியமாகிவிடுகிறது. இணையத்தில் எடுத்த தமிழ்க் குறிப்பில் "நிறை 50" என்று இருந்தால் அலகைப் பார்க்காமல் தொடவேண்டாம்.

வேகத்துக்கு அந்த உதவியும் இல்லை. கதிக்கும் வேகத்துக்கும் அலகு ஒன்றுதான், செக்கனுக்கு மீற்றர். அலகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குறிப்பில் ஆர்முடுகல், வரைபு, படித்திறன் என்று இருந்தால் இலங்கை நூல், அங்கே வேகம் என்றால் திசையோடு. முடுக்கம், வரைபடம், சாய்வு என்று இருந்தால் தமிழ்நாட்டு நூல், அங்கே வேகம் திசையில்லாதது. சுற்றியுள்ள சொற்களை வைத்துத்தான் பிரிக்கலாம்.

தராசுமுள்:
நல்ல வழி. இந்த இழையில் குழப்பம் வராமலிருக்க ஒன்று செய்வோம்: திசை இல்லாததற்கு வேகம் (கதி), திசை உள்ளதற்குத் திசைவேகம். பருத்தித்துறையான் தம் சொல்லிலேயே எழுதட்டும், அவர் பதிவில் வேகம் என்றால் திசைவேகம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

செங்குத்துக்கோடு:
முதல் கேள்வி தீர்ந்தது, நன்றி. அடுத்து சராசரி. போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ. சராசரி 50 என்று போட்டால் ஏன் தவறு? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதானே சராசரி?

அலைவரிசை:
ஒரு வழி 120 கி.மீ. என்று வையுங்கள். போக 3 மணி, வர 2 மணி. 240 கி.மீ.க்கு 5 மணி, மணிக்கு 48 கி.மீ. மெதுவான ஓட்டத்தில் அதிக நேரம் இருந்திருக்கிறீர்கள், அதனால் சராசரி அந்தப் பக்கம் இழுக்கிறது. கூட்டி இரண்டால் வகுப்பது இரண்டு வேகத்திலும் ஒரே அளவு *நேரம்* சென்றிருந்தால் மட்டும் சரி. 120 கி.மீ.க்குப் பதில் எந்தத் தொலைவைப் போட்டாலும் 48-தான் வரும், போட்டுப் பாருங்கள். சராசரித் திசைவேகம் வழக்கம்போல் 0.

இதன் கடுமையான வடிவம் ஒன்று: பாதித் தொலைவை மணிக்கு 30 கி.மீ.யில் கடந்தாயிற்று. மொத்தச் சராசரி 60 வர, மீதிப் பாதியை எந்த வேகத்தில் கடக்க வேண்டும்? 90 என்று எழுதத் தோன்றும். விடை: முடியாது. முழுத் தொலைவுக்கும் அனுமதித்த நேரம் முதல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

நாடாப்புள்ளி:
சராசரியை இன்னும் ஆழமாகப் பார்க்க, உசைன் போல்ட் 2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் ஓடிய 100 மீட்டர் நல்ல தரவு. 9.58 வினாடி. 20 மீட்டருக்கு ஒருமுறை எடுத்த நேரங்கள்:

20 மீட்டரில் 2.89 வினாடி
40 மீட்டரில் 4.64
60 மீட்டரில் 6.31
80 மீட்டரில் 7.92
100 மீட்டரில் 9.58

முழு ஓட்டத்தின் சராசரி 100 ÷ 9.58 = 10.44 மீ/வி. இப்போது துண்டு துண்டாக: முதல் 20 மீட்டரில் 20 ÷ 2.89 = 6.92. அடுத்ததற்கு 1.75 வினாடி, 11.43. பிறகு 1.67 வினாடி, 11.98. பிறகு 1.61 வினாடி, 12.42. கடைசித் துண்டு 1.66 வினாடி, 12.05 மீ/வி.

இந்த ஐந்தில் எதுவுமே 10.44-க்கு அருகில் இல்லை. ஓட்டத்தில் 10.44 என்ற வேகம் ஒரே ஒரு கணம்தான் வந்து போயிருக்கும், வேகம் ஏறிக்கொண்டிருந்தபோது. கடைசித் துண்டு குறைகிறது என்பதையும் கவனியுங்கள்: உலகச் சாதனை ஓட்டத்திலேயே முடிவுக்கோட்டை நெருங்கும்போது வேகம் இறங்குகிறது. கடைசியில் எட்டிப் பிடிப்பதுபோல் தெரிகிற ஓட்டக்காரர் பெரும்பாலும் மற்றவர்களைவிடக் குறைவாக வேகம் இழப்பவர்.

முதல் துண்டில் ஒரு சின்னத் திருத்தம். துப்பாக்கிச் சத்தத்துக்கும் போல்ட் கிளம்பியதற்கும் இடையே 0.146 வினாடி. அதைக் கழித்தால் 20 மீட்டருக்கு 2.744 வினாடி, 7.29 மீ/வி. கடிகாரம் எப்போது தொடங்கியது என்று கேட்காமல் வகுத்தால் 5 விழுக்காடு பிசகு.

"கணநேர வேகம்" என்பது இதே வேலையை இன்னும் சின்னத் துண்டுகளில் செய்வது. 20 மீட்டருக்குப் பதில் 10, பிறகு 1, பிறகு 10 செ.மீ. விடை ஓர் எண்ணை நோக்கி நெருங்கிப் போகும், அந்த எண்தான் கணநேர வேகம். துண்டைச் சுருக்கச் சுருக்க அளவீட்டுப் பிழை பெரிதாகும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். 10 செ.மீ.யை அவர் கடப்பது 0.008 வினாடியில். நேரத்தை 0.01 வினாடி வரைதான் அளக்க முடியுமென்றால் அந்தத் துண்டால் பயனில்லை.

தராசுமுள்:
இதே தரவை வைத்து இன்னொரு தவற்றையும் காட்டலாம். இயக்கச் சமன்பாடுகளைக் கண்ட இடமெல்லாம் போடுவது.

ஓய்விலிருந்து கிளம்புகிறார், 100 மீட்டர், 9.58 வினாடி. "தொலைவு = ½ × முடுக்கம் × நேரம்²" என்று போட்டால் முடுக்கம் 2.18 மீ/வி². முடிவுக்கோட்டில் வேகம் 2.18 × 9.58 = 20.9 மீ/வி, அதாவது மணிக்கு 75 கி.மீ. மனிதன் ஓட முடியாத வேகம். சமன்பாட்டில் தவறில்லை. முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் அது செல்லும். போல்ட்டுக்கு முடுக்கம் தொடக்கத்தில் மிக அதிகம், நடுவில் கிட்டத்தட்ட 0, கடைசியில் எதிர்த்திசையில். கணக்கில் "சீரான முடுக்கம்" என்ற இரண்டு சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மீ/வி-யைக் கி.மீ/மணி ஆக்க 18/5 ஆல் பெருக்குவது எல்லாருக்கும் தெரியும். திருப்பிப் பெருக்கிவிட்டோமா என்று சரிபார்க்க "18 கி.மீ/மணி = 5 மீ/வி" என்ற ஒன்று போதும். மீ/வி-யில் எண் எப்போதும் சின்னது.

செங்குத்துக்கோடு:
மேலே எறிந்த பந்து. உச்சியில் ஒரு கணம் நின்றுவிடுகிறது. நின்றுவிட்டால் முடுக்கமும் 0 தானே? விடைக்குறிப்பில் 9.8 என்று இருக்கிறது. நிற்கிற பொருளுக்கு எப்படி முடுக்கம்?

தராசுமுள்:
இந்தப் பாடத்தில் அதிகம் பேர் இடறுகிற இடம் இது, பொறுமையாகப் பார்ப்போம்.

19.6 மீ/வி வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். மேல்நோக்கு மிகை (+). காற்றுத் தடையை விட்டுவிடுவோம். திசைவேகம்: தொடக்கத்தில் +19.6, 1 வினாடியில் +9.8, 2 வினாடியில் 0, 3 வினாடியில் −9.8, 4 வினாடியில் −19.6, கைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வினாடியும் 9.8 குறைகிறது. உச்சி என்பதற்காக அந்தக் குறைதல் நிற்கவில்லை.

உச்சிக்கு மிக அருகே போங்கள். உச்சிக்கு 0.01 வினாடி முன் +0.098 மீ/வி. உச்சிக்கு 0.01 வினாடி பின் −0.098. இடையில் 0.02 வினாடியில் மாற்றம் −0.196. வகுத்தால் −9.8 மீ/வி². திசைவேகம் 0 என்பது அது *இப்போது எவ்வளவு* என்பதற்கான விடை. முடுக்கம் என்பது அது *எவ்வளவு விரைவாக மாறுகிறது* என்பதற்கான விடை. வங்கிக் கணக்கில் இருப்பு 0 ஆகும் அந்த நொடியிலும் பணம் வெளியேறும் வீதம் 0 ஆகிவிடாது.

உச்சியில் முடுக்கமும் 0 என்று வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திசைவேகம் 0, அதை மாற்ற முடுக்கமும் இல்லை. பந்து 19.6 மீட்டர் உயரத்தில் அப்படியே தொங்கவேண்டும்.

பருத்தித்துறையான்:
அதே பந்தை வைத்து நான் ஒரு மறுப்புச் சொல்லவேண்டும், எங்கள் "அமர்முடுகல்" என்ற சொல்லுக்கே எதிராக. மறை (−) ஆர்முடுகல் என்றால் அமர்முடுகல், அமர்முடுகல் என்றால் மெதுவாவது என்று படிப்பிக்கிறோம். பந்து கீழே வரும்போது என்ன? மேல்நோக்கு மிகை என்று எடுத்தால் ஆர்முடுகல் −9.8, ஆனால் கதி கூடிக்கொண்டே வருகிறது. மறைக் குறியைப் பார்த்ததும் "மெதுவாகிறது" என்று எழுதும் பிள்ளைகள் இங்கேதான் விழுகிறார்கள்.

வேகமும் ஆர்முடுகலும் ஒரே குறி என்றால் கதி கூடும், எதிர்க்குறி என்றால் கதி குறையும். மறைக் குறி தனியாக எதையும் சொல்லாது, எந்தப் பக்கத்தை மிகை என்று நீங்கள் எடுத்தீர்கள் என்பதை மட்டும்தான் சொல்லும்.

அலைவரிசை:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சொல்லையே தூக்கிப் போட வேண்டாம். பிரேக் பிடிக்கிற கணக்கில் எதிர்முடுக்கம், அமர்முடுகல் என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது, வண்டி திரும்பி ஓடப்போவதில்லை. திசை திரும்பக்கூடிய இயக்கங்களில், அதாவது எறிந்த பந்து, ஊசல், சுருள்வில் போன்றவற்றில், அந்தச் சொல்லைத் தவிர்த்துக் குறியை மட்டும் வைத்துப் பேசுவது நல்லது.

பிரேக் கணக்கை வரைபடத்தில் செய்து பாருங்கள், சமன்பாடே வேண்டாம். மணிக்கு 60 கி.மீ. என்றால் 16.7 மீ/வி. ஓட்டுநர் பார்த்துக் கால் வைக்க 1 வினாடி, பிறகு வினாடிக்கு 6 மீ/வி வீதம் வேகம் இறங்குகிறது. திசைவேக–நேர வரைபடத்தில் முதல் வினாடி ஒரு செவ்வகம்: பரப்பு 16.7 மீட்டர். பிறகு 2.78 வினாடி நீள முக்கோணம்: ½ × 16.7 × 2.78 = 23.1 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 40 மீட்டர்.

80 கி.மீ. என்றால் செவ்வகம் 22.2, முக்கோணம் 41.2, மொத்தம் 63 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, முக்கோணம் 1.78 மடங்கானது. முக்கோணத்தின் உயரம், அகலம் இரண்டும் சேர்ந்து வளர்வதால் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது.

செங்குத்துக்கோடு:
வரைபடத்தில் இன்னும் எங்கே தவறு வரும்?

தராசுமுள்:
இரண்டு இடங்கள். இடப்பெயர்ச்சி–நேர வரைபடத்தில் ஒரு புள்ளியின் உயரத்தை அதன் நேரத்தால் வகுத்துவிட்டு "அந்தக் கணத்தின் திசைவேகம்" என்பது. அது தொடக்கத்திலிருந்து அதுவரையான சராசரி, அதுவும் கோடு ஆதிப்புள்ளியில் தொடங்கினால் மட்டும். அந்தக் கணத்துக்கு வேண்டுமானால் அங்கே தொடுகோடு வரைந்து அதன் சாய்வைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, வரைபடத்தைச் சாலையின் படமாகப் பார்ப்பது. கோடு ஏறி இறங்கினால் வண்டி மேட்டில் ஏறி இறங்கியது என்று நினைப்பது. இறங்குகிற கோடு "திரும்பி வருகிறது" என்பதைத்தான் காட்டுகிறது.

நாடாப்புள்ளி:
இதையெல்லாம் கையால் அளந்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். கலிலியோ சாய்தளத்தில் செய்ததன் எளிய வடிவம். விழும் பொருளை அளக்க முடியாத அளவு நேரம் குறைவு, அதனால் அவர் சாய்தளத்தில் உருட்டி இயக்கத்தை மெதுவாக்கினார், நேரத்தை ஒழுகிய நீரின் எடையால் அளந்தார்.

வேண்டியது: 2 மீட்டர் நீள அலுமினிய ஆங்கிள் (L வடிவப் பட்டை, பக்கம் 25 மி.மீ.), சுமார் 25 மி.மீ. விட்டமுள்ள பேரிங் குண்டு, நேரான மரப்பலகை, கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரம்.

ஆங்கிளின் மடிப்பு கீழே இருக்கும்படி, பள்ளமாகப் பலகைமேல் வையுங்கள். பலகை இல்லாமல் இரு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் தொய்யும், சாய்வு எங்கும் ஒன்றாக இருக்காது. ரசமட்டம் வைத்துத் தரையை முதலில் சரிபார்த்துவிட்டு ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்துங்கள். கிளம்பும் இடத்திலிருந்து 20, 80, 180 செ.மீ.யில் கோடு போடுங்கள். குண்டின் முன்விளிம்பு 0-வில் இருக்கும்படி ஒரு அளவுகோலால் தடுத்து வைத்து, அளவுகோலைச் சரிவின் பக்கமாகச் சட்டென்று எடுங்கள். விரலால் பிடித்து விட்டால் சின்னத் தள்ளல் சேர்ந்துவிடும்.

வர வேண்டிய நேரங்கள்: ஏறத்தாழ 1.7, 3.4, 5.1 வினாடி. நேரம் 1 : 2 : 3, தொலைவு 1 : 4 : 9. இடைவெளிகள் 20, 60, 100 செ.மீ., அதாவது 1 : 3 : 5. சம நேரங்களில் கடக்கும் தொலைவு ஒற்றைப்படை எண்களாக ஏறும். சீரான முடுக்கத்தின் கைரேகை அது.

5 செ.மீ.க்கு மேல் தூக்கவேண்டாம். 20 செ.மீ. உயர்த்தினால் நேரம் பாதியாகும், உங்கள் கைத்தாமதம் 0.2 வினாடியால் வரும் விழுக்காட்டுப் பிழை இரட்டிப்பாகும்.

அலைவரிசை:
செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. பாடநூல் சொல்லும் முடுக்கம் 9.8 × (0.05 ÷ 2) = 0.245 மீ/வி². நாடாப்புள்ளி கொடுத்த நேரங்களை வைத்துக் கணக்கிட்டால் 0.136-தான் வருகிறது. உராய்வு என்று எழுதி முடித்துவிடுவார்கள், காரணம் உராய்வு அல்ல.

0.245 என்பது உருளாமல் வழுக்கிச் செல்லும் பொருளுக்கு. உருளும் குண்டு இறங்குவதோடு சுழலவும் வேண்டும், கிடைக்கும் ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போகிறது. தட்டைப் பலகையில் உருளும் திண்மக் குண்டுக்கு 5/7 பங்கு: 0.175. ஆங்கிளின் பள்ளத்தில் குண்டு அடிப்புள்ளியில் தொடாமல் இரண்டு பக்கச் சுவர்களில் தொடுகிறது. அச்சிலிருந்து தொடும் கோட்டின் தொலைவு ஆரத்தைவிடக் குறைவு, ஆகவே அதே தொலைவுக்கு அதிகச் சுற்றுச் சுற்ற வேண்டும். 90 பாகைப் பள்ளத்துக்குப் பங்கு 1 ÷ 1.8, அதாவது 5/9. 0.245 × 5/9 = 0.136.

1 : 4 : 9 மட்டும் இதனால் பாதிக்காது. பங்கு எதுவானாலும் முடுக்கம் மாறாததுதான்.

பருத்தித்துறையான்:
வரைபு வரைபவர்களுக்கு ஒரு யோசனை. தூரத்தை நேரத்தின் வர்க்கத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரவேண்டும், படித்திறனின் இரு மடங்கு ஆர்முடுகல். ஆனால் கடிகாரத்தைத் தொடங்கியவர் ஒரு மாறாத் தாமதம் விட்டிருந்தால் அந்தக் கோடு வளையும், ஏன் வளைந்தது என்று தெரியாது. தூரத்தின் வர்க்கமூலத்தை நேரத்துக்கு எதிரே வரையுங்கள். தாமதம் இருந்தாலும் நேர்கோடாகவே இருக்கும், நேர அச்சை வெட்டும் இடமே அந்தத் தாமதம். விடுபவரும் கடிகாரம் அழுத்துபவரும் ஒருவராகவே இருந்தால் தொடக்கத் தாமதமும் முடிவுத் தாமதமும் ஓரளவு கழிந்து போகும்.

டிக்கர் டைமர் (நகரும் காகித நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளி குத்தும் கருவி) உள்ள ஆய்வுகூடத்தில் நாடாவில் செக்கனுக்கு 50 புள்ளி விழும், இரு புள்ளிக்கு இடையே 0.02 செக்கன். அடிக்கடி வரும் பிழை: 5 புள்ளியை எண்ணி 0.1 செக்கன் என்பது. எண்ண வேண்டியது இடைவெளியை. 5 இடைவெளிக்கு 6 புள்ளி.

செங்குத்துக்கோடு:
கைப்பேசிக் காணொளியில் சட்டகம் சட்டகமாக (frame) நகர்த்தி அளக்கலாமா?

நாடாப்புள்ளி:
அளக்கலாம், மூன்றைக் கவனித்தால். அளவுகோல் பொருள் நகரும் அதே தளத்தில் இருக்கவேண்டும். கேமரா 2 மீட்டரில் இருந்து, அளவுகோல் பொருளுக்குப் பின்னால் 10 செ.மீ. தள்ளி இருந்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு பிழை, எத்தனை முறை திரும்ப எடுத்தாலும் போகாது. இரண்டாவது வெளிச்சம்: மங்கலில் ஒரு சட்டகம் 1/60 வினாடி திறந்திருந்தால் 3 மீ/வி-யில் போகும் பொருள் 5 செ.மீ. இழுபட்டுத் தெரியும். வெயிலில் எடுங்கள், எப்போதும் ஒரே விளிம்பைப் பின்தொடருங்கள். மூன்றாவது, பல கைப்பேசிகள் சட்டக வீதத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். சோதிக்க, ஓடும் நிறுத்துக்கடிகாரத் திரையையும் காட்சியில் சேர்த்துவிடுங்கள்.

செங்குத்துக்கோடு:
வண்டியின் ஸ்பீடோமீட்டர், கிரிக்கெட்டில் காட்டும் பந்துவேகம், இவை காட்டுவது வேகமா திசைவேகமா?

அலைவரிசை:
ஸ்பீடோமீட்டர் காட்டுவது கணநேர வேகம். சக்கரத்தின் சுழற்சியை எண்ணுகிறது, திசை அதற்குத் தெரியாது. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிப்படி அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் 10 விழுக்காடும் அதன்மேல் மணிக்கு 4 கி.மீ.யும் வரை. டயர் தேய்ந்தால் இன்னும் கூட்டும். 600 மி.மீ. விட்ட டயரில் பூ 8 மி.மீ.யிலிருந்து 2-க்குத் தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ. குறையும், 2 விழுக்காடு.

ரேடார் துப்பாக்கி வேறு வகை. அது திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தை அளக்கிறது. 24.15 கிகாஹெர்ட்ஸ் கருவிக்கு நேராக மணிக்கு 100 கி.மீ.யில் வரும் வண்டி ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் மாற்றம் தரும். "நேராக" என்பதுதான் முக்கியம். கருவியை நோக்கிய கூறு மட்டுமே அதற்குத் தெரியும். 10 பாகை விலகி நின்றால் 1.5 விழுக்காடு குறையும், 20 பாகையில் 6 விழுக்காடு. ரேடாருக்குக் குறுக்கே 90 பாகையில் போகும் வண்டி நிற்பதாகவே தெரியும். திசைவேகத்துக்குக் கூறுகள் உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

2003 உலகக் கோப்பையில் சோயிப் அக்தர் வீசிய 161.3 கி.மீ. பந்து, 44.8 மீ/வி. இந்த எண் கையை விட்டுக் கிளம்பும் கணத்துக்கானது. கிரீஸுக்குக் கிரீஸ் 17.68 மீட்டரை அதே வேகத்தில் கடந்தால் 0.39 வினாடி. காற்றும் ஆடுகளமும் மெதுவாக்குவதால் உண்மையில் அதைவிடச் சற்றுக் கூடுதல். சராசரி கேட்டால் 161.3-ஐச் சொல்லக்கூடாது.

செங்குத்துக்கோடு:
கடைசியாக ஒன்று. "ஓய்வில் உள்ள பொருளின் திசைவேகம் 0." ஆனால் பூமியே சுற்றுகிறதே, அப்போது ஓய்வு என்று ஒன்று இருக்கிறதா?

தராசுமுள்:
தனியாக இல்லை. எதைப் பொறுத்து என்று சொன்ன பிறகுதான் திசைவேகத்துக்கு எண் உண்டு. பாடக்கணக்கில் சொல்லாமல் விட்டால் தரையைப் பொறுத்து என்று பொருள்.

நிலநடுக்கோட்டில் தரை வினாடிக்கு 465 மீட்டர் கிழக்கே போகிறது, பூமியின் மையத்தைப் பொறுத்து. அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் உங்கள் ஊருக்கான எண். சென்னை 13 பாகை: 453 மீ/வி. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை: 458 மீ/வி. மேசைமேல் இருக்கும் புத்தகத்துக்கு 0-வும் 453-ம் இரண்டும் சரியான விடை.

ரயில் கணக்கும் இதுதான். 200 மீட்டர் ரயில் மணிக்கு 72 கி.மீ. (20 மீ/வி), 300 மீட்டர் ரயில் 54 கி.மீ. (15 மீ/வி). எதிரெதிரே வந்தால் ஒன்றுக்கொன்று 35 மீ/வி, முழுதாகக் கடக்க 500 ÷ 35 = 14.3 வினாடி. ஒரே திசையில் என்றால் 5 மீ/வி, 100 வினாடி. +20, −15 என்று குறியோடு எழுதிக் கழித்தால் கூட்டுவதா கழிப்பதா என்ற சந்தேகமே எழாது: 20 − (−15) = 35, 20 − 15 = 5.

பருத்தித்துறையான்:
முதல் கேள்விக்கே திரும்பலாம், வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் போதும். அது பார்க்கும் செய்மதி பூமியின் மையத்திலிருந்து 42,164 கிலோமீற்றரில், 86,164 செக்கனுக்கு ஒரு சுற்று. கதி செக்கனுக்கு 3.07 கிலோமீற்றர், மாறாதது. வேகம் ஒவ்வொரு கணமும் திசை மாறுகிறது, ஆர்முடுகல் 0.22 மீ/செ², பூமியின் மையத்தை நோக்கி. அதே செய்மதியை டிஷ்ஷைப் பொறுத்துக் கேட்டால் வேகம் 0, அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும்.

செங்குத்துக்கோடு:
அப்படியானால் கேள்வித்தாளில் "மாறாத வேகத்தில் வட்டப்பாதையில்" என்று வந்தால் விடையின் முதல் வரியாக "இங்கு வேகம் என்பது திசையற்ற அளவு, பூமியைப் பொறுத்து" என்று எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். முடுக்கம் உண்டு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது, மையத்தை நோக்கி.

தராசுமுள்:
அப்படியே எழுதுங்கள். ஆரத்தை மீட்டரில் மாற்றிவிட்டு வகுக்க வேண்டும், செய்மதிக் கணக்கில் கிலோமீட்டரோடு வகுத்தால் ஆயிரம் மடங்கு பிசகும்.